குழந்தைப் பள்ளிக்கு வேண்டிய தலைமை

(பாலர் கல்விப் பணியாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பருவத்துக்கு முற்பட்ட குழந்தைகளின் கல்வியைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அக்கல்வி அவசியந்தானா என்னும் வினாவை இனி எடுத்து விவாதிக்க வேண்டியதில்லை. 1837-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில், சிறு குழந்தைகளின் விளையாட்டையே கல்விக்கு அடிப்படையாக்கி பிரோபெல் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1907-ஆம் ஆண்டு ஜனவரியில், ரோமாபுரியின் சான் லொரன்ஸோ என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்ஸிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நிகழ்ந்த பெர்ரி பாலர் பள்ளிச் சோதனையோ, வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களுள் 58 பேருக்கு நல்ல பாலர் கல்வியை அளித்து, ஏனையோரோடு ஒப்பிட்டு நாற்பதாம் வயது வரையில் பின்தொடர்ந்து, அக்கல்வியைப் பெற்றவர்கள் கூடுதலாகச் சம்பாதிப்பவர்களாகவும் குற்றங்களில் குறைவாகச் சிக்குபவர்களாகவும் விளங்கியதை உலகத்தின் முன் வைத்தது. நம் தேசத்திலும் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாகக் கிளைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேற்பட்ட மையங்கள் உள்ளன.

ஆகவே மையம் உண்டு, கட்டடம் பெரும்பாலும் உண்டு, சோறும் முட்டையும் உண்டு, குழந்தையும் வருகிறது. வந்த குழந்தைக்கு அங்கே என்ன நிகழ்கிறது என்பதே நம் காலத்தின் வினா. அந்த வினாவுக்கு நல்ல விடை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும், ஆசிரியைக்கு மேலே தலைமை ஏற்றிருப்பவர் எத்தகையவர் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், தரம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம். ஒரே ஒன்றியத்தில், ஒரே மாதிரிக் கட்டடத்தில், ஒரே அளவு பொருள்களோடு நடைபெறும் இரண்டு மையங்களை மனத்தில் கொண்டு வாருங்கள். ஒன்றில், இருபது குழந்தைகள் சுவரோரமாக வரிசையாக அமர்ந்து, ஆசிரியை பலகையைத் தொடும்போதெல்லாம் ஒரே குரலில் எண்களை ஒப்பிக்கின்றன. குரல் பலமாக இருக்கிறது. வழியோடு போகிறவர், "பால்வாடியில் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்" என்று மெச்சிக்கொண்டு போகிறார். மற்றொன்றில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டைகளையும் ஐந்து தட்டுகளையும் வைத்துக்கொண்டு, தட்டுக்கு இரண்டு கொட்டையாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறான். ஒரு தட்டில் மட்டும் மூன்று இருக்கிறது. ஆசிரியை அவன் அருகில் குந்தி, "இந்தத் தட்டுக்கு மட்டும் ஏம்ப்பா மூணு?" என்று கேட்கிறாள். "அது ஆயாம்மாவுக்கு. அவங்க பெரியவங்க, நிறைய சாப்பிடுவாங்க" என்கிறான் அவன். "அப்போ எல்லாத் தட்டையும் சேத்தா எத்தனை கொட்டை இருக்கும்?" என்று அவள் மெல்ல வினவ, அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்குகிறான்.

இந்த இரண்டாவது மையத்தில் எழுந்த ஓசை குறைவு. நடந்த கல்வி மிகுதி. ஒன்றுக்கொன்று ஈடு காட்டுதல், ஒப்பிடுதல், கூட்டுதல், தன் எண்ணத்துக்குக் காரணம் சொல்லுதல், பிறரை நினைத்துப் பங்கிடுதல் ஆகிய இவ்வளவும் அந்தச் சில நிமிஷங்களில் அடங்கிவிட்டன. குழந்தை செய்வதை ஆசிரியை கண்டுகொண்டதும், தக்க தருணத்தில் ஒரு வினாவை எழுப்பியதும், விடை வரும்வரையில் பொறுத்திருந்ததும் ஆகிய இவையே தரம். வண்ணச் சுவரும் விலையுயர்ந்த பொம்மையும் இதற்குத் துணை செய்யலாமேயன்றி இதன் ஸ்தானத்தைப் பெற இயலா.

இப்படிக் காணும் கண்ணும் வினவும் நாவும் பொறுக்கும் மனமும் ஓர் ஆசிரியைக்கு எங்கிருந்து வரும்? சிலருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கும். பலருக்குச் சில வாரப் பயிற்சியில் வந்துவிடாது. சுற்றறிக்கையினால் ஒருபோதும் வாராது. நாதஸ்வர வித்துவானுக்குப் பக்கத்தில் பல ஆண்டு உட்கார்ந்து, அவர் வாசிக்கும்போது கேட்டும், தான் வாசிக்கும்போது அவரால் திருத்தப்பெற்றும் சீடன் வித்தை பெறுவது போல, குழந்தையைப் போற்றும் வித்தையும் அதில் தேர்ந்த ஒருவரின் அருகிலிருந்து பெற வேண்டியதாகும். அவ்வாறு அருகில் இருக்க வேண்டியவர் யாரோ அவரே குழந்தைப் பள்ளிக்குத் தலைவர். மேற்பார்வையாளர், திட்ட அலுவலர், தலைமையாசிரியை என்று அவருடைய பதவிப்பெயர் எதுவாயினும் ஆகுக.

இத்தகைய தலைமைக்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மேற்கு இந்தியாவில், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு விளக்குப் போல மாறி வந்த ஒரு பரம்பரையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சௌராஷ்டிரத்தில் 1885-ஆம் ஆண்டு பிறந்த கிஜுபாய் பதேகா, வக்கீல் தொழிலில் இருந்தவர். தமக்கு ஒரு மகன் பிறந்தபின், அவனை எவ்வாறு வளர்ப்பது என்னும் கவலையே அவரைக் குழந்தைக் கல்வி நூல்களிடம் கொண்டு சேர்த்தது. மாண்டிசோரி அம்மையாரின் கொள்கைகளை அவ்வழியே அறிந்தார்; தொழிலைத் துறந்து 1916-ஆம் ஆண்டில் பாவநகரத்துத் தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்தார்; 1920-ஆம் ஆண்டில் அங்கே பால மந்திரத்தை நிறுவினார். சட்டப் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டு இரண்டரை வயதுக் குழந்தைகளின் நடுவே தரையில் அமர்ந்துவிட்ட அந்த மனிதரை, மீசை வைத்த தாய் என்று குஜராத்தியர் அன்போடு அழைத்தனர். குழந்தைகளுக்கென்றும் பெற்றோருக்கென்றும் ஆசிரியருக்கென்றும் அவர் எழுதிக் குவித்தவை ஏராளம். ஆயினும் அவர் செய்த பணிகளுள் நம் விஷயத்துக்குப் பிரதானமானது, பால மந்திரத்தோடு நில்லாமல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே வளர்த்ததாகும். பயில வந்தவர்கள் புத்தகத்தில் குழந்தையைப் படிப்பதோடு, கண்ணெதிரே குழந்தையையும் படித்தார்கள்.

அவரிடம் வந்து சேர்ந்தவர் தாராபாய் மோடக். 1892-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்து, பட்டம் பெற்று, ராஜகோட்டில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வராக விளங்கிய அவ்வம்மையார், அந்த உயர்ந்த உத்தியோகத்தை விடுத்து 1923-இல் பாவநகரத்துக்குச் சென்றார். ஆசிரியைகளை உருவாக்கும் கல்லூரிக்கே தலைமை வகித்தவர், சிறு குழந்தையிடம் நேரே கற்றுக்கொள்ள வேண்டியவை பல உண்டு என்று கருதிச் சென்றாரே, அந்த ஒரு செயலிலேயே நான் சொல்லும் தலைமையின் முதல் இலக்கணம் இருக்கிறது. தலைவர் ஆவதற்கு முன்பும் தலைவர் ஆன பின்பும் குழந்தையை விட்டு விலகாதிருத்தல் என்பது அது. 1926-ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து நூதன பால சிக்ஷண சங்கத்தை நிறுவினர், பத்திரிகை நடத்தினர், பயிற்சி அளித்தனர்.

கிஜுபாய் 1939-ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் காரணமாக அவர் நம் நாட்டிலேயே தங்க நேர்ந்ததும், கோடைக்கானலில் சில ஆண்டுகள் வசித்ததும் தமிழகத்தோடு அவ்வியக்கத்துக்கு ஏற்பட்ட நெருங்கிய பந்தத்துக்குச் சான்றாகும். ஆயினும் அம்முறை நகரத்து வசதியுள்ள இல்லங்களிலேயே பெரும்பாலும் தங்கிவிடக்கூடிய அபாயம் இருந்தது. மரவுருளைகளும் மணிச்சரங்களும் கொண்ட அந்த உபகரணங்களின் விலை, கிராமத்துப் பள்ளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

இந்த இடத்தில்தான் தாராபாய் அம்மையாரின் மேதை துலங்கிற்று. 1945-ஆம் ஆண்டில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், பம்பாய்க்கு வடக்கே கடற்கரையோரமாக உள்ள போர்டி என்னும் கிராமத்தில் அவர் குழந்தைக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். கிராமத்தில் கிடைக்கும் கிளிஞ்சல், விதை, இலை, கல் ஆகியவையே அங்கே உபகரணங்கள் ஆயின. உபகரணத்தின் உட்பொருளைப் பற்றிக்கொண்டு உருவத்தை விட்டுவிட அவர் தயங்கவில்லை. அதற்கும் மேலாக ஒரு சோதனை காத்திருந்தது. ஊரின் தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் மைய நிலையத்துக்கு வரவில்லை. வேறொருவராயின், "அழைத்தோம், வரவில்லை, பெற்றோருக்குக் கல்வியில் சிரத்தை இல்லை" என்று அறிக்கையில் எழுதி முடித்திருப்பார். அம்மையாரோ, குழந்தை வராவிடில் பள்ளி போக வேண்டும் என்று தீர்மானித்தார். ஆசிரியைகள் பொருள்களை எடுத்துக்கொண்டு அம்மக்களின் குடியிருப்புக்கே சென்றனர்; முற்றத்தைக் கூட்டினர்; குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரினர்; அந்த முற்றத்திலேயே பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பள்ளியை நடத்தினர். வேலைக்குப் போகும் தாய்மாரும் வீட்டில் இருக்கும் பாட்டிமாரும் தங்கள் கண்ணெதிரே நிகழ்ந்த கல்வியைக் கண்டார்கள். அங்கன்வாடி என்னும் பெயரும் அமைப்பும் அங்கிருந்து கிளம்பியவையே.

1957-ஆம் ஆண்டில் அந்நிலையம் அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்குப் பெயர்ந்தது. அங்கே வார்லி என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். கைக்குழந்தைகளுக்குரிய காப்பகமும் பாலர் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் காரணத்தால் பள்ளிக்கு வராதிருந்த அக்காள், தம்பியையும் அழைத்துக்கொண்டு வர வழி பிறந்தது. மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் மேய்ச்சல் வெளிக்கே சென்று பாடம் நடத்தினார்கள். தரத்தை உயர்த்துவதென்றால் உள்ளே இருக்கும் குழந்தைக்கு இன்னும் சிறப்பாகச் செய்வது மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். வெளியே நிற்கும் குழந்தை எந்தக் காரணத்தால் வெளியே நிற்கிறது என்று ஆராய்ந்து அந்தக் காரணத்தை நீக்குவதும் அதே தரத்தின் பகுதி என்பதைக் கோஸ்பாட் நமக்குப் போதிக்கிறது.

தாராபாய் அம்மையார் 1973-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய பணி மறையவில்லை. காரணம், 1945 முதலே அவருடன் இருந்து உழைத்த அனுதாய் வாக். 1910-ஆம் ஆண்டில் பிறந்து, இளம் பருவத்திலேயே விதவையாகி, இடர்களுக்கிடையே படித்து, புனேயில் ஆசிரியையாகப் பணியாற்றி வந்த அவ்வம்மையார், போர்டிக்கு வந்தது முதல் தம் ஆயுள் முடிந்த 1992-ஆம் ஆண்டு வரையில் அத்தொண்டிலேயே நிலைத்திருந்தார். கிஜுபாயிடமிருந்து தாராபாய்க்கும், தாராபாயிடமிருந்து அனுதாய்க்கும் வந்தது பதவி அன்று. குழந்தையைப் பார்க்கும் முறை வந்தது. தம்மோடு இருந்து, தம்மைப் பார்த்துக் கற்று, தமக்குப்பின் தம்மினும் நன்றாகச் செய்யக்கூடிய ஒருவரை உருவாக்காத தலைமை, எவ்வளவு பிரகாசமாக இருப்பினும் தன் காலத்தோடு முடிந்துவிடும்.

அன்பர்களே, இவர்கள் மகான்கள். சாமானிய நிர்வாகத்தில் இவையெல்லாம் சாத்தியமா என்னும் ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். நியாயமான ஐயமே. தனி மனிதரின் தியாகத்தை நம்பி 14 லட்சம் மையங்களை நடத்த முடியாது. ஆனால் அரசாங்கத் திட்டத்துக்குள்ளேயே நல்ல தலைமைக்கு இடம் அமைத்துக் கொடுக்க முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1980-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஆரம்பமாகிப் பிற வட்டாரங்களுக்கும் விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்கிறேன். அது கல்வித் திட்டமன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு உணவளித்து, தாய்மாருக்கு ஆலோசனை கூறிய திட்டம். அதில் கிராமப் பணியாளர்கள் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வட்டாரத்துக்குப் பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார். பணியாளர் செய்ய வேண்டிய காரியங்கள் சிலவாகவும் தெளிவாகவும் இருந்தன. பத்துப் பேருக்குப் பொறுப்பாக இருப்பவர் ஒவ்வொருவரிடமும் அடிக்கடி சென்று, தராசைச் சரியாகப் பிடிக்கிறாரா, தாயிடம் பேசத் தெரிகிறதா என்று பார்த்து, அங்கேயே செய்து காட்ட அவகாசம் இருந்தது.

அந்த அமைப்பை இன்றைய அங்கன்வாடியின் நிலையோடு வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 25 மையங்கள் வரை ஒரு மேற்பார்வையாளருக்கு உரியவை. பேருந்து வசதியில்லாத சிற்றூர்கள் அவற்றுள் அடக்கம். கூட்டங்களும் கணக்கெடுப்புகளும் போக எஞ்சிய நாள்களில் ஒரு மையத்துக்கு வந்து சேர்ந்தால், வருகைப் பதிவேடு, எடைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சத்துமாவு எவ்வளவு, முட்டை எத்தனை என்று சரிபார்க்க வேண்டும். கைபேசிச் செயலியில் விவரங்கள் ஏறியிருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். இவை எல்லாம் முடிவதற்குள் குழந்தைகள் சாப்பிட்டு உறங்கிவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் குழந்தைகளை விழித்த நிலையில் ஒரு கால்மணி நேரம்கூடக் காணாமலே அடுத்த ஊருக்குப் புறப்பட நேர்கிறது. இதில் அந்தச் சகோதரியின் பிழை சிறிதும் இல்லை. கணக்குக் கேட்பவர்கள் மேலே பலர் இருக்கிறார்கள்; குழந்தை என்ன கற்றது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. எது கேட்கப்படுகிறதோ அதுவே செய்யப்படும் என்பது உலக இயல்பு.

பதிவேடுகளை நான் இகழவில்லை. எடை குறைந்த குழந்தையைக் கண்டுபிடித்து உயிர் காத்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டியதே. எனினும் தலைமையின் நேரம் முழுவதையும் கணக்கே விழுங்கிவிடுமானால், ஆசிரியையும் தன் நேரத்தைக் கணக்குக்கே கொடுப்பாள். அவளுடைய மேலதிகாரி எதைப் பெரிதாக மதிக்கிறாரோ அதை அவளும் பெரிதாக மதிப்பாள். மேலே உள்ளவர் கீழே உள்ளவரை நடத்தும் விதமே, ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் குழந்தையை நடத்தும் விதமாக முடிகிறது. அதட்டி வேலை வாங்கப்படும் ஆசிரியை அதட்டியே பாடம் நடத்துவாள். செவிசாய்த்துக் கேட்கப்பட்ட ஆசிரியைக்கே குழந்தையின் மழலைக்குச் செவிசாய்க்கத் தோன்றும்.

ஆதலால் நிர்வாகத்தினருக்கு நான் பணிவோடு சமர்ப்பிக்கும் வேண்டுகோள்கள் சில உண்டு. மேற்பார்வையாளராக நியமிக்கப்படுபவர் எவராயினும், நியமனத்துக்கு முன்னோ பின்னோ, சிறு குழந்தைகளோடு தாமே ஒரு காலம் பணியாற்றியிருக்கட்டும். ஒருவர் பொறுப்பில் உள்ள மையங்களின் எண்ணிக்கை, நட்போடு அடிக்கடி சென்று வரக்கூடிய அளவுக்குக் குறையட்டும். ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் செயலியிலும் இருமுறை எழுதும் சுமை நீங்கட்டும். மாதாந்திரக் கூட்டத்தில் பாதி நேரமாவது, சென்ற மாதம் ஒரு குழந்தையிடம் கண்ட புதுமையை ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்பதற்கு ஒதுக்கப்படட்டும். வட்டாரத்தில் நன்றாக நடைபெறும் மையம் ஒன்றில் மற்ற ஆசிரியைகள் சில நாள் தங்கிப் பார்த்து வர ஏற்பாடு ஆகட்டும். பாவநகரத்தில் பயிற்சி நிலையம் பால மந்திரத்தின் பக்கத்திலேயே இருந்ததன் பயனை இவ்விதமாக நாமும் பெறலாம்.

பெற்றோர்களையும் இத்தலைமை மறந்துவிடலாகாது. பெர்ரி பள்ளியின் ஆசிரியைகள் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடு அமர்ந்து பேசினார்கள் என்பதும், போர்டியில் பள்ளியே வீட்டு முற்றத்துக்குச் சென்றது என்பதும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள். "என் பிள்ளைக்கு எழுத்து வரலையே, பக்கத்துத் தெரு நர்சரியில் மூணு வயசுலயே எழுதுதே" என்று கேட்கும் தாயைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. எழுத்துக்கு முன் விரல் வலுப்பட வேண்டும், சொல் பெருக வேண்டும், கதை கேட்டுக் கேட்டு மனம் விரிய வேண்டும் என்று அவளுக்கு எடுத்துக் காட்டும் தைரியமும் நயமும் ஆசிரியைக்கு வேண்டும். அத்தாய் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றிவிடுவாளோ என்று ஆசிரியை அஞ்சும் வேளையில், அவள் பக்கத்தில் நின்று பேச வேண்டியவர் மேற்பார்வையாளரே. விளையாட்டின் மூலம் கற்பித்தலே சரியானது என்று பயிற்சியில் சொல்லிவிட்டு, ஊரார் குறை கூறும்போது ஆசிரியையைத் தனியே விட்டுவிடுவது தலைமைக்கு அழகன்று.

இறுதியாக, இங்கே வந்திருக்கும் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கேட்டவற்றுள் பல, மேலிடத்து உத்தரவு வந்த பின்னரே கைகூடும். ஒன்றுக்கு மட்டும் யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு மையத்துக்குப் போகும்போது, முதல் அரைமணி நேரம் எந்தப் பதிவேட்டையும் திறவாதீர்கள். குழந்தைகளோடு பாயில் உட்காருங்கள். ஒரே ஒரு குழந்தையைத் தெரிந்தெடுத்து, அது செய்வதையும் சொல்வதையும் குறுக்கிடாமல் கவனியுங்கள். பிறகு ஆசிரியையிடம், "டீச்சர், அந்தப் பிள்ளை பண்ணினதை நீங்களும் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்; அவள் கண்டதை அவள் சொல்ல, நீங்கள் கண்டதை நீங்கள் சொல்ல, நாளைக்கு அந்தக் குழந்தைக்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அதனை ஒரு தாளில் எழுதி வைத்து, மறுமுறை வரும்போது அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். அதற்குப் பின் பதிவேட்டைப் பாருங்கள்.

இந்த அரைமணி நேரம் ஓராண்டு முழுதும் தவறாமல் நடைபெறுமானால், உங்கள் பொறுப்பில் உள்ள ஆசிரியைகள் உங்களை அதிகாரி என்று அஞ்சுவது நீங்கி, தம் தொழிலில் மூத்தவர் என்று நாடுவார்கள். நீங்கள் இல்லாத நாள்களிலும் குழந்தைகளை அவ்வாறே கவனிப்பார்கள். அந்நிலையை அடைந்த மையத்தில் தரம் தானே உயரும். உயர்ந்தபின் கீழே இறங்காது. குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடனைத் தீர்க்க, இந்த அரைமணி நேரத்திலிருந்து தொடங்குங்கள் என்று உங்கள் யாவரையும் வேண்டிக்கொள்கிறேன்.